கொள்ளைக்காரப் பாட்டி

கதைகளிலே பாட்டிமார்களுக்கு இன்ன இன்ன உத்தியோகங்கள்தாம் என்று வெகு காலமாக ஏற்பட்டுவிட்டது. வடை சுட்டுக் காக்கையிடம் பறிகொடுக்கலாம். காட்டோரக் குடிசையில் படுத்திருந்து ஓநாய்க்கு இரையாகலாம். மற்ற நேரங்களில் பேரக் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லலாம். இவற்றுக்கு மேல் ஒரு பாட்டி ஆசைப்படுவாள் என்று எழுத்தாளர்களுக்குத் தோன்றுவதேயில்லை.

இந்த வழக்கத்துக்கு விரோதமான பாட்டி ஒருத்தியைச் சமீபத்தில் சந்தித்தோம். அவள் இங்கிலாந்துக்காரி. டேவிட் வால்லியம்ஸ் என்னும் ஹாஸ்ய நடிகர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேங்ஸ்டா கிரானி’ என்ற சிறுவர் நாவலின் கதாநாயகி. ‘கொள்ளைக்காரப் பாட்டி’ என்று நாம் தமிழ்ப்படுத்திக் கொள்ளலாம். புத்தகத்துக்கு டோனி ராஸ் படம் வரைந்திருக்கிறார். 2013-இல் பி.பி.ஸி. இதை டெலிவிஷன் படமாகவும் காட்டியது. நமது வீட்டுச் சிறுவன் இப்புத்தகத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து, பரீட்சைத் தாள்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு நாமும் அதைக் கையில் எடுத்தோம்.

கதை இதுதான். பென் என்ற பதினொரு வயதுப் பையனுக்குத் தாய் தகப்பனார் இருவரும் உண்டு. அவர்களுக்கோ ஜோடி நடனத்தில் அபார மோகம். பையனுக்கு ஜலக் குழாய் ரிப்பேர் வேலையில்தான் ஆசை. பெற்றோருக்கு அவனை நாட்டியக்காரனாக்க ஆசை. வெள்ளிக்கிழமை தோறும் அவனைப் பாட்டி வீட்டில் இறக்கிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அங்கே முட்டைக்கோஸ் சூப்பும், எழுத்துக்கட்டைகளை அடுக்கி விளையாடும் ஸ்கிராபிள் ஆட்டமும் அவனுக்குக் காத்திருக்கும். பாட்டியின் மேலும் முட்டைக்கோஸ் வாசனைதான். “இங்கே பொழுதே போகவில்லை, அழைத்துப் போங்கள்” என்று பையன் டெலிபோனில் கெஞ்சுகிறான்.

பிறகு ஒரு நாள் சமையலறையிலுள்ள பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து பார்க்கிறான். உள்ளே பிஸ்கோத்து இல்லை. வைரமும் மாணிக்கமுமாக நகைகள் ஜொலிக்கின்றன! பாட்டி யார்? நகைகள் எங்கிருந்து வந்தன? இதுதான் மர்மம். பாட்டி உலகப் புகழ் பெற்ற நகைத் திருடி என்று தெரிய வருகிறது. அது முதல் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று பையன் ஏங்கத் தொடங்குகிறான். முடிவில் பாட்டியும் பேரனும் சேர்ந்து, சாக்கடைக் குழாய் வழியாக லண்டன் கோட்டைக்குள் புகுந்து, ராஜ கிரீடங்களையே திருடத் திட்டம் போடுகிறார்கள். குழாய் வேலையில் பையனுக்குள்ள ஞானம் அப்போதுதான் பிரயோஜனப்படுகிறது. பக்கத்து வீட்டில் பார்க்கர் என்னும் ஆசாமி ஒருவர் வேறு வேலையின்றி இவர்களை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தகைய ஆசாமி இல்லாத தெரு எந்தத் தேசத்திலும் இல்லை போலிருக்கிறது.

இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டியதில்லை. 1671-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, தாமஸ் பிளட் என்பவன் அதே கோட்டையில் இந்தக் காரியத்தை மெய்யாகவே செய்யத் துணிந்தான். பாதிரி வேஷம் போட்டு, நகைக் காவலாளியான கிழவரோடு சிநேகம் செய்து, கிரீடத்தைச் சம்மட்டியால் நசுக்கி அங்கிக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினான். அகப்பட்டுக்கொண்டான். இரண்டாம் சார்லஸ் மன்னரோ அவனை மன்னித்து, போதாக்குறைக்கு நிலமும் கொடுத்தனுப்பினார்!

அந்தக் கோட்டையில்தான் நமது கோஹினூர் வைரமும் இருக்கிறது. 1849-இல் பஞ்சாபின் பாலமன்னரான துலீப் சிங்கிடமிருந்து உடன்படிக்கையின் மூலம் அது கைமாறிற்று. உடன்படிக்கை செய்துகொண்ட மன்னருக்கு அப்போது வயது பத்து. கதையில் வரும் பென்னைவிட ஒரு வயது குறைவு. ஆகையால் அந்தக் கோட்டைக்குள் திருடப் போகும் பாட்டியின் பேரில் நமக்கு உண்டாக வேண்டிய தார்மிகக் கோபம் சரியாக உண்டாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி முடிவைச் சொல்லியாக வேண்டும். மர்மக் கதையின் முடிவை வெளியிடுவது பாவமென்பதை அறிவோம். ஆதலால் குழந்தைகள் அடுத்த பாராவைத் தாண்டிப் போய்விடலாம். பெரியவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பாட்டி திருடியே அல்ல. ஒருநாளும் ஒன்றையும் அவள் திருடியதில்லை. பேரன் டெலிபோனில் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. தன்னோடு பேச அவனுக்கு ஆசை உண்டாக வேண்டும் என்பதற்காகவே அவள் அத்தனை கதையும் கட்டினாள். அவள் உடம்பில் புற்றுநோய் குடிகொண்டிருந்தது, நாட்களோ அதிகமில்லை. கதை முடிவதற்குள் பாட்டி இறந்து போகிறாள்.

நகைகள் எங்கிருந்து வந்தன என்பது சின்ன மர்மம். பேரனின் ஒரு சாயங்காலத்தைப் பெறுவதற்கு ஒரு பாட்டி திருடிப் பட்டம் சூட்டிக்கொள்ள நேர்ந்தது ஏன் என்பதே பெரிய மர்மம். அதில் குற்றவாளி யார்? பையனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பாட்டி வீடு என்பது பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் இடம் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் அவனுடைய பெற்றோர்களே அல்லவா? ஆனால் இவ்வளவு தூரம் விசாரணை செய்த பிறகு, நமக்கே சற்று வியர்க்கத் தொடங்கியது.

ஏனெனில் நமது வீட்டிலும் ஒரு பாட்டி உண்டு; நம்மைப் பெற்றவள். அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், “முன்பே சொல்லியிருக்கிறாய், அம்மா” என்று விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொல்லி வருகிறோம். அப்படி எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறோம் என்பதைக் கணக்கிடாமல் விடுவதே நலம்.

சென்ற வெள்ளிக்கிழமை சிறுவன் இந்தக் கதையை அவளுக்கு விஸ்தாரமாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கெட்டிக்காரக் கிழவிதான். முட்டைக்கோஸில் சூப்பு வைத்ததுதான் பிசகு, கூட்டுப் பண்ணியிருக்க வேண்டும்” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “நான்கூடத் திருடியிருக்கிறேன்” என்றாள்.

சிறுவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். நாமும் சிவப்பு மைப் பேனாவை மூடினோம்.

பன்னிரண்டு வயதில், விடியற்காலை இருட்டில், அண்ணாவின் சைக்கிளைத் தினந்தோறும் திருடிக்கொண்டு போய் ஏரிக்கரையில் ஓட்டக் கற்றுக்கொண்டாளாம். பெண் பிள்ளை சைக்கிளைத் தொட்டால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிய காலம் அது. ஒரு நாள் விழுந்தாள். மட்கார்டில் பெரிய கீறல். யார் செய்தது என்று வீடு முழுவதும் துப்பறிந்தார்கள். கடைசியில் சந்தேகம் பால்காரப் பையன்மேல் விழுந்ததாம்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக மகனாயிருந்தும் இந்தச் சமாசாரம் நமக்குத் தெரியாது. மெய்யா, கட்டுக்கதையா என்று விசாரிக்கவும் நமக்குத் தைரியமில்லை.

“அப்புறம்? அந்தப் பையனுக்கு அடி விழுந்ததா, பாட்டி? நீ உண்மையைச் சொன்னாயா?” என்று சிறுவன் துடித்தான்.

“அது அடுத்த வெள்ளிக்கிழமை” என்று சொல்லிவிட்டுப் பாட்டி படுக்கப் போய்விட்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. விடைத்தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று நமது வீட்டில் இரண்டு பேர் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.