வைரஸ் என்னும் வசதியான உருவகம்

உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவது உருவகம் என்று தண்டியலங்காரத்தைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கவிதைக்கு அது அணி. ஆய்வுக்கு அதுவே பிணி. 'வைரல் மார்க்கெட்டிங்' பற்றிய கல்விப்புல ஆய்வுகளைப் படிக்கையில் நமக்கு இவ்வெண்ணமே மேலோங்குகிறது.

இச்சொல்லைப் பரப்பியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். ஹாட்மெயிலில் முதலீடு செய்திருந்த ஸ்டீவ் ஜர்வெட்சனும் டிம் டிரேப்பரும் 1997-இல் அந்நிறுவனத்தின் வளர்ச்சியை விளக்க இதைக் கையாண்டனர். 18 மாதங்களில் 1.2 கோடிப் பயனர்கள்! ஆனால் அந்த 'வைரஸ்' எது? ஒவ்வொரு மடலின் அடியிலும் நிறுவனமே ஒட்டியனுப்பிய விளம்பர வரி. மடல் எழுதியவர் விரும்பிச் சேர்த்ததன்று அது. முதலீட்டாளரின் பெருமைச் சொல்லை ஆய்வாளர் கலைச்சொல்லாக ஏற்றதே முதற்பிழை.

நல்ல ஆய்வுகள் இல்லாமலில்லை. அவை கூறுவது வேறு. லெஸ்கோவெக், அடாமிக், ஹூபர்மன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இணைய விற்பனை நிலையம் ஒன்றில் 40 லட்சம் பேர் செய்த 1.6 கோடிப் பரிந்துரைகளை ஆராய்ந்தது. பெரும்பாலான பரிந்துரைச் சங்கிலிகள் நீளாமலே அற்றுப்போயிருந்தன. கோயல், ஆண்டர்சன், ஹாஃப்மன், வாட்ஸ் ஆகியோர் ட்விட்டரின் நூறு கோடிப் பகிர்வு நிகழ்வுகளை ஆராய்ந்து 2016-இல் எழுதினர். பெரிதாகப் பரவியவை மிக அரிது. அவற்றிலும் வீச்சைப் பெரிதும் தீர்மானித்தது ஒரே மூலத்திலிருந்து ஒரே வீச்சில் பலரை எட்டிய பகிர்வே. இது ஆளுக்கு ஆள் தொற்றும் நோயின் வழியன்று. வானொலியின் பழைய வழி.

இத்தனைக்குப் பிறகும், வென்ற விளம்பரங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றின் பொதுக்குணங்களை வெற்றிச் சூத்திரமாக நீட்டும் கட்டுரைகள் ஓய்ந்தபாடில்லை. அதே குணங்களோடு மண்ணைக் கவ்விய விளம்பரங்களை எண்ணியவர் யார்? பரிசு விழுந்தோரை மட்டும் பேட்டி கண்டு, லாட்டரிச் சீட்டு வாங்குவது நல்ல தொழில் என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தரவு கிடைப்பதில்லை என்பர். உண்மைதான். ட்விட்டர் 2023-இல் ஆய்வாளர்க்கான இலவச வழியை அடைத்தது. மெட்டா 2024 ஆகஸ்டில் கிரவுடேங்கிளை மூடியது. எது மக்கள் கண்ணில் பட வேண்டும் என்று வரிசைப்படுத்துவோரிடமே பரவலின் கணக்கேடும் இருக்கிறது. ஆயினும் ஏட்டைப் பார்க்க இயலாதவன் கணக்கை ஊகித்து எழுதலாமா?

இது வெறும் சொற்சண்டையன்று. வைரஸுக்கு முதலாளி இல்லை. 'தானாகப் பரவியது' என்று எழுதிய கணமே பணம் கொடுத்தவரும் வரிசைப்படுத்தியவரும் மறைந்துவிடுகின்றனர். சோப்பு விளம்பரத்தோடு இது நின்றால் சிரித்துக் கடக்கலாம். தேர்தல் பொய்யும் போலி மருத்துவமும் அதே வழியில்தான் வருகின்றன. அவற்றுக்கும் பொறுப்பாளர் எவருமிலர் என்றாகிவிடுகிறது.

ஆய்வாளரிடம் நாம் கேட்பவை மூன்று. தோற்றவற்றையும் எண்ணுங்கள். பரப்பச் செலவான பணத்தைக் கணக்கில் சேருங்கள். தரவு தந்தவர் யாரென்று முதற்பக்கத்திலேயே சொல்லுங்கள். இவற்றைச் செய்ய இயலாதெனில், 'வைரல்' என்ற சொல்லையாவது ஆய்வுத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.