பொயிலர் கழுவும் நாளுக்கும் முழுப்பேர் வேண்டும்

பொயிலர் குழாய்களைத் துப்புரவு செய்யும் மிஷின் தோட்டத் தொழிற்சாலைகளுக்கு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நமது தோட்டக் கமிட்டிகளில் இரண்டு விதமான கருத்துக்கள் எழுந்துள்ளன. "வரட்டும், எத்தனை காலத்துக்குத்தான் சுத்தியலும் கம்பியுமாகக் கிடந்து சாவது" என்று ஸ்டோருக்குள் வேலை செய்பவர்கள் சொல்கின்றார்கள். "மிஷின் வந்தால் இரண்டு ஆளுடைய பேர் போய்விடும்" என்று வெளியே இருப்பவர்கள் சொல்கின்றார்கள். கொழுந்து எடுக்கக் கத்தரி வந்தபோது கூடவே கிலோக் கணக்கும் ஏறியதை நமது பெண்கள் மறக்கவில்லை. ஆகவே இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனாலும் இந்த விடயத்தில் மிஷின் வேண்டும் என்ற பக்கத்திலேயே நாம் நிற்கின்றோம். ஏன் என்பதையும், என்ன நிபந்தனையோடு என்பதையும் மலையில் வேலை செய்யும் தோழர்களுக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டியது நமது கடமை.

வீட்டில் நாள்தோறும் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் அடியைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஒரு படிவு கையில் தட்டுப்படும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் கூடவே போவதில்லை, பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. அதுதான் காறை. (எங்களில் சிலர் பகலில் வகுப்பறையில் நிற்பவர்கள். இந்தக் கேத்தலை மேசைமேல் வைத்துவிட்டால் விஞ்ஞான பாடத்தில் அரைவாசி முடிந்துவிடும்.) பொயிலர் என்பது ஒரு பெரிய கேத்தல், அவ்வளவுதான். கேத்தலில் படிந்தால் தேநீர் கொஞ்சம் பிந்தும். பொயிலரில் படிந்தால் விறகு வீணாகும், குழாய் பழுதாகும், ஆளுக்கும் ஆபத்து வரும்.

"நம்முடைய மலைத் தண்ணீர் மெதுவான தண்ணீர், அதில் என்ன காறை" என்று சில நிர்வாகங்கள் சொல்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு பார்த்தால் மலைநாட்டு ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 50 மில்லிகிராம் உப்பு மட்டும் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 லீற்றர் வீதம் 10 மணித்தியாலம் ஆவியாக்கினால் ஒரு நாளில் 250 கிராம் பொயிலருக்குள் தங்கும். 25 வேலை நாட்களில் அது 6 கிலோவுக்கு மேல் போகும். அடித் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிட்டால் பெரும்பகுதி வெளியே போய்விடும். திறந்துவிடாத இடத்தில் அது குழாயில்தான் ஒட்டும். மழை காலத்தில் ஓடை கலங்கி வரும் சேறு இந்தக் கணக்கில் சேராதது.

சேறு என்றால் சின்ன விடயம் அல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் 1865 ஏப்ரல் மாதம் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பலின் பொயிலர்கள் வெடித்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஏற்றிய சனமும், அவசரத்தில் ஒட்டுப்போட்ட தகடும், பொயிலரில் குறைந்துபோன தண்ணீரும், நெருக்கமான குழாய்களுக்கிடையே படிந்த ஆற்றுச் சேறும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நம்முடைய சிறிய பொயிலரை அந்தக் கப்பலோடு ஒப்பிட வரவில்லை. ஆனால் இரும்பு படும் பாடு இரண்டிலும் ஒன்றுதான். 7 பார் அமுக்கத்தில் வேலை செய்யும் பொயிலருக்குள் தண்ணீர் சுமார் 170 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். மறுபக்கம் நெருப்பு எவ்வளவு எரிந்தாலும், தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை குழாய் அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். இடையில் காறை வந்துவிட்டால் தண்ணீரால் இரும்பைக் குளிர வைக்க முடியாது. உருக்கு கடத்தும் சூட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் காறை கடத்தாது. சாதாரண உருக்கு 450 பாகையைத் தாண்டினால் அதன் பலம் குறையத் தொடங்கும். பிறகு குழாய் உப்பும், வெடிக்கும். அந்த நேரம் அதன் முன்னால் விறகோடு நிற்பவர் துரை அல்ல.

இனி விறகுக் கணக்கு. ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் காறை இருந்தாலே எரிபொருள் ஏறக்குறைய 4 வீதம் வீணாகும் என்பது பொறியியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. நாளொன்றுக்கு 1,000 கிலோ தேயிலை செய்யும் ஸ்டோரில் ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ விறகு என்று வைத்தால் 1,500 கிலோ விறகு எரிகிறது. அதில் 4 வீதம் 60 கிலோ. 25 நாட்களுக்கு 1,500 கிலோ. மாதத்தில் ஒரு முழு நாளின் விறகு தேயிலையைக் காய வைக்காமல் புகைபோக்கியால் போகின்றது. அந்த விறகை வெட்டியதும், சுமந்ததும், அடுக்கியதும் நம்முடைய ஆட்கள். 2021இல் 1,000 ரூபா கேட்டபோதும், 2024இல் 1,350 ரூபா பேசப்பட்டபோதும் கம்பெனிகள் "உற்பத்திச் செலவு தாங்காது" என்றுதான் சொன்னன. உற்பத்திச் செலவைப் பற்றிப் பேசும் அந்த மேசையில் குழாயில் படிந்த காறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இப்போது இந்த வேலை எப்படி நடக்கின்றது என்பது ஸ்டோரில் உள்ளவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரவு நெருப்பை அணைத்துவிட்டு, விடிந்ததும் இரும்பு இன்னும் அனலடிக்கும்போதே ஆளை உள்ளே விடுகின்றார்கள். திங்கட்கிழமை கொழுந்து வந்துவிடுமாம். கையில் வயர் பிரஷ், நீண்ட கம்பி, காறை தட்டும் சுத்தியல். மூக்கில் கட்டிக்கொள்வது பழைய சாரத்துண்டு. சில தோட்டங்களில் இதற்கு அரைப்பேர் போடுகின்றார்கள், சில தோட்டங்களில் "மற்ற நாளில் பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றார்கள். இரண்டு நாளைக்குக் கரியாகத் துப்பும் மனிதனுக்கு அரைப்பேர் என்று கணக்குப் போட்டது யார் என்று நாம் கேட்கின்றோம்.

மிஷின் என்று நாம் சொல்வது பெரிய யந்திரம் ஒன்றும் அல்ல. ஒரு மோட்டர், அதிலிருந்து நீளும் வளைந்து கொடுக்கும் கேபிள், கேபிளின் நுனியில் சுழலும் ஒரு தலை. மோட்டார் சைக்கிளின் மீட்டர் கேபிளைப் பார்த்தவர்கள் அதையே பெரிதாக நினைத்துக்கொள்ளலாம். கரிக்கு பிரஷ் தலை, கெட்டியான காறைக்குச் சிறு பற்சக்கரங்கள் உள்ள வெட்டும் தலை என்று மாற்றிக்கொள்ளலாம். கேபிளின் உறை வழியாகவே தண்ணீர் போய்த் தூசியைக் கழுவிக்கொண்டு வருவதால் அது முகத்தில் அடிக்காது. காலால் மிதிக்கும் சுவிட்ச் இருப்பதால் இரண்டு கையாலும் கேபிளைப் பிடிக்கலாம். கையால் நீண்ட நேரம் இழுக்கும் குழாயைச் சில நிமிடங்களில் முடிக்கலாம். பொயிலர் இல்லாமல் விறகு அடுப்பின் சூட்டில் காற்றைச் சூடாக்கும் ஸ்டோவ் மட்டும் உள்ள தொழிற்சாலைகளிலும் குழாய்கள் உண்டு. அங்கே படிவது கரி. அதற்கும் இந்த பிரஷ் உதவும்.

ஆனால் ஒரு விடயத்தில் நமது தோழர்கள் ஏமாந்துவிடக் கூடாது. காறை குழாயின் எந்தப் பக்கம் இருக்கின்றது என்று கேளுங்கள். சிறிய தொழிற்சாலைகளில் அதிகமாக உள்ள பொயிலரில் நெருப்பும் புகையும் குழாய்க்கு உள்ளே போகும், தண்ணீர் குழாய்க்கு வெளியே நிற்கும். அப்படியானால் உள்ளே கரி, வெளியே காறை. பிரஷ் தலையை உள்ளே விட்டு இழுத்தால் கரி போகும், குழாய் பளபளக்கும், டீமேக்கரும் சந்தோசப்படுவார். காறை மறுபக்கத்தில் அப்படியே இருக்கும்! அதற்கு, குழாய்க்குள்ளிருந்து விடாமல் தட்டி அதிர வைத்து வெளிக்காறையை உதிர்க்கும் வேறு தலை வேண்டும், அல்லது பயிற்சி பெற்றவர்கள் மருந்து போட்டுக் கரைக்க வேண்டும். தண்ணீர் குழாய்க்கு உள்ளே ஓடும் பொயிலரில்தான் வெட்டும் தலை நேரடியாகக் காறையில் படும். அங்கேயும் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அது குழாயையே தின்றுவிடும். எனவே "ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டோம்" என்று நிர்வாகம் கையைக் கழுவ முடியாது. எந்தப் பொயிலருக்கு எந்தத் தலை என்று பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் தர வேண்டும். வேலை செய்பவருக்குப் பயிற்சியும் தர வேண்டும்.

மிஷினே புதிய ஆபத்தையும் கொண்டு வரும். 230 வோல்ற் மின்சாரமும் தண்ணீரும் ஈர இரும்பும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் அதைத் தொட நமது அங்கத்தவர் எவரும் சம்மதிக்கக் கூடாது. பொயிலருக்கு உள்ளேயே இறங்க வேண்டிய வேலை என்றால் காற்றால் ஓடும் மோட்டரைக் கேட்க வேண்டும். மூடிக் கிடந்த பொயிலருக்குள் இரும்பு துருப்பிடிக்கும்போது அங்குள்ள ஒட்சிசனையும் அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே திறந்ததும் தலையை விடாமல் காற்றோட்டம் கொடுத்து, நன்றாக ஆற விட்டு, நீராவி வால்வையும் தண்ணீர் வால்வையும் பூட்டி, சாவியை உள்ளே போகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். ஆகவே மிஷின் வந்தாலும் இது இரண்டு ஆள் வேலைதான். "பேர் போய்விடும்" என்று பயப்படும் தோழர்களுக்கு நமது பதிலும் இதுதான். ஒரு ஆளைக் குறைக்க நிர்வாகம் முயன்றால் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே நாம் எடுப்போம். ஒப்பந்தக்காரரை வெளியிலிருந்து கொண்டுவந்து இந்த வேலையைக் கொடுப்பதையும் நாம் ஏற்க மாட்டோம். பொயிலரின் குணம் அதோடு நாள்தோறும் நிற்பவருக்குத்தான் தெரியும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் நீராவிப் பொயிலர்களைப் பற்றித் தனியாகப் பேசுகின்றது. பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, நீர்மட்டக் கண்ணாடி இருக்க வேண்டும், அதிகாரம் பெற்றவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்கின்றது. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை செக்ரோலில் பேர் இல்லாமல் உள்ளே இறங்கியவர், தான் வேலையில் இருந்ததாகக் காட்டவே வழக்காட வேண்டி வரும். முழுப்பேர் கேட்பது கூலிக்காக மட்டும் அல்ல.

தோட்டத் தலைவர்கள் அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஸ்டோரில் இருப்பது பொயிலரா ஸ்டோவா, கடைசியாக எந்தத் திகதியில் துப்புரவு செய்தார்கள், நெருப்பு அணைத்து எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் ஆள் உள்ளே போனார், என்ன பேர் போட்டார்கள், பரிசோதனை அறிக்கையை யாராவது கண்ணால் பார்த்திருக்கின்றார்களா என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். உள்ளே இறங்கிய தோழரையும் முடிந்தால் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு தோட்டத்து விபரமும் கையில் வந்த பிறகு தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவுக்கும் நிர்வாகங்களுக்கும் ஒரே நாளில் கடிதம் போகும்.