கதை எழுதிட்டு வராதீங்க, டன்ஜன் மாஸ்டர்களே!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமா மாறி, பகடை உருட்டி ஆடுற சாகச விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல வந்தது. உலகத்தையும் வில்லன்களையும் நடத்துறவர் டன்ஜன் மாஸ்டர்.

நம்ம சண்டை இந்த மாஸ்டர்களோடதான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அய்யா 40 பக்கத்துக்குக் கதை எழுதி வச்சிருப்பார். மூணாவது வாரம் வில்லன் தப்பிக்கணும், பத்தாவது வாரம் ராஜா சாகணும். முதல் வாரமே ஒருத்தன் பகடையில 20 போட்டு வில்லனைச் சாய்ச்சுட்டான்னு வைங்க. திடீர்னு மூடுபனி வரும், ரகசியக் கதவு திறக்கும், வில்லன் எஸ்கேப்! அப்புறம் எதுக்குய்யா பகடை?

இது பழைய வியாதி. 1984-ல வர ஆரம்பிச்ச டிராகன்லான்ஸ் சாகசத் தொடர்ல, முக்கியமான பாத்திரம் செத்தா உடம்பு கிடைக்காத மாதிரி பார்த்துக்கோங்கன்னு மாஸ்டருக்கு அறிவுரையே இருக்கு. அடுத்தடுத்த பாகத்துல அவங்க திரும்ப வரணுமாம்! நம்ம டிவி சீரியல்காரங்க பிச்சை வாங்கணும்.

இத்தனைக்கும் டிராகன்லான்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான டிரேசி ஹிக்மன், மனைவி லாராவோட சேர்ந்து எழுதின 'ரேவன்லாஃப்ட்' அதுக்கு முந்தின வருஷமே, 1983-ல வந்துடுச்சு. ஸ்ட்ராட்னு ஒரு ரத்தக்காட்டேரி பிரபு, அவனுக்கு ஒரு கோட்டை. அவனோட நோக்கம் என்ன, அவனை வீழ்த்த உதவுற வாள் எங்கே இருக்குங்கறதெல்லாம் சீட்டுக்கட்டு முடிவு பண்ணும். கோட்டைக்கு வரைபடம் உண்டு, வில்லனுக்கு ஆசை உண்டு. முடிவை மட்டும் ஆடுறவங்க கையில விட்டுட்டாங்க. 2016-ல 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்'னு புதுசா வந்தப்பவும் அந்தச் சீட்டுக்கட்டை எடுக்கலையே!

"அப்போ திட்டமே போடாம வெறுங்கையோட வந்து உட்காரவா?"ன்னு கேப்பீங்க. போடுங்க சாமி, ஆனா வேற திட்டம். யாருக்கு என்ன வேணும்? ஆட்டக்காரங்க யாரும் தலையிடலைன்னா அடுத்த வாரம் என்ன நடக்கும்? இது ரெண்டையும் எழுதுங்க. துப்பறியற விஷயமா இருந்தா, ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-ல சொன்ன மாதிரி ஒரு உண்மைக்குக் குறைஞ்சது மூணு தடயம் வைங்க. ஒண்ணைத் தவறவிட்டாலும், இன்னொண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் மூணாவது காப்பாத்தும். எல்லாம் சேர்த்தா ரெண்டு பக்கம் தாண்டாது.

வேலை வெட்டியை விட்டுட்டு வந்து உட்கார்றவனுக்கு, அவன் எடுக்கற முடிவால எதாவது மாறணும். இல்லன்னா அவன் வெறும் பார்வையாளன்.

கதை எழுதக் கை அரிக்குதா? நாவல் எழுதுங்க. இல்ல, நம்மள மாதிரி ஒரு பிளாக் ஆரம்பிங்க. படிக்கறவன் பிடிக்கலைன்னா ஜன்னலை மூடிட்டாவது போவான். மேசையில உட்கார்ந்தவன் எங்கே போவான், பாவம்!