சுப்பாராவ் கற்பிக்கும் பாடம்

ஒரு மருந்து நம் கைக்கு வருமுன் எத்தனை மனிதருடைய ஆயுள் அதற்குச் செலவாகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நோய் தீர்ந்தவன் வைத்தியருக்கு வந்தனம் கூறுகிறான். மருந்தைக் கண்டறிந்தவர் பெயரையோ எவரும் அறியார். அவ்விதம் மறக்கப்பட்ட பெரியோர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அக்கல்லூரியின் அருகிலிருந்து மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் வானகரம் இருக்கிறது. வானகரம், ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து யுவர்களில் மருந்தாராய்ச்சியைத் தம் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் அவருடைய சரித்திரத்தைக் கற்க வேண்டும். அவர்களுக்கு முன்னதாக நமது சர்க்கார் கற்க வேண்டும்.

1895-ல் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், மகாத்மாவின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்தார். அறுவைச் சிகிச்சை போதித்த ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய உத்தியோகமும் கிட்டவில்லை. சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் சில காலம் போதித்துவிட்டு, ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவியும் மாமனாரின் பொருளும் கொண்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படிக்கையில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து ஜீவித்தார். 1925-ல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். ஆயினும் அங்கே நிலையான பதவி கிடைக்கவில்லை.

1940-ல் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்த பிறகே அவர் கைகள் விடுபட்டன. அவருடைய சகோதரர் இருவர் கிராணி நோயால் மாண்டவர்கள். அந்நோய்க்குப் பயன்படும் போலிக் அமிலத்தை 1945-ல் அவருடைய கோஷ்டியார் செயற்கையாக உண்டாக்கினர். யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசீனும் அங்கிருந்து வந்ததே. அது இன்றும் நம் தேசத்தில் ஜில்லா ஜில்லாவாக வழங்கப்படுகிறது. அங்கே தயாரான அமினாப்டெரினைக் கொண்டு டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948-ல் வெளியிட்டார். அவ்வருஷம் ஆகஸ்டில், 53-வது வயதில், சுப்பாராவ் காலமானார்.

"மேதை எங்கும் வழி கண்டுகொள்வான், அதற்குச் சர்க்கார் என்ன செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். வழி கண்டவர் ஒருவரை நாம் அறிவோம். வழியின்றி வாடியவர்களை யார் கணக்கெடுத்தார்? மேலும், தனி மனிதன் எவ்வளவு கூர்மையுள்ளவனாயினும் மருந்து அவனால் மட்டும் பிறப்பதில்லை. ரசாயனி, பிராணிகளிடம் சோதிப்பவர், நோயாளியிடம் சோதிக்கும் வைத்தியர் ஆகிய மூவரும் ஒரே நோக்குடன் பல வருஷம் உழைக்க வேண்டும். லெடர்லியில் சுப்பாராவுக்குக் கிடைத்த பாக்கியம் அதுவே.

இன்று பட்டங்களுக்குக் குறைவில்லை. 2023 முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. நல்லதே. ஆனால் அது மாதந்தோறும் தவறாமல் கைக்கு வர வேண்டும். டாக்டர் பட்டம் பெற்றவன் முப்பது வயதில் வேலைக்கு அலையாதிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிச்சாலையும் அண்டை வீட்டார்போல் கதவடைத்து வாழாமல், ஒரு குடும்பமாக இயங்க வேண்டும். பத்து முயற்சிகளில் ஒன்பது வீணானால் பொறுக்கும் மனமும் நிர்வாகிகளுக்கு வேண்டும்.

வெளிநாடு செல்வதை நாம் குறை கூறவில்லை, வித்தைக்கு எல்லையில்லை. ஆனால் விரும்பிச் செல்வது வேறு, துரத்தப்பட்டுச் செல்வது வேறு. அன்று சுப்பாராவைத் துரத்தியவன் அந்நியன். இன்று நம் யுவன் ஒருவன் அவ்விதம் சென்றால், பழி நம்மைத் தவிர வேறு யாரைச் சேரும்?