'சுத்தமா இருங்க' என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

திருச்சி மாநகரத்தின் கழிவுநீர் போய்ச் சேருமிடம் பஞ்சப்பூர். எடமலைப்பட்டி புதூருக்குப் பக்கத்து ஊர்தான். அந்தக் கழிவுநீரில் அடைப்பெடுக்க எந்தச் சாதி இறக்கிவிடப்படுகிறது என்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை தோழர்களே. ஆனால் அது குடிநீரில் கலந்தால் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவரின் குடலை என்ன செய்யும் என்று நம் மேடைகள் பேசுவதில்லை. எச்.ஐ.வி. என்றாலே ஆணுறை, ஊசி என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு ஒட்டுண்ணி. மலம் கலந்த தண்ணீரில் வரும். எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கியவருக்கோ மாதக்கணக்கில் பேதியாகும், ஆளை உருக்கும். ஒரு மாதத்தைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது நான்காம் நிலை, அதாவது எய்ட்ஸ். வழக்கமான அளவு குளோரினுக்கு இந்தக் கிருமி சாகாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரிப்பு நிலையத்தையே தாண்டிக் குழாயில் வந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சாகும். உண்மைதான். ஆனால் குடிக்கிற தண்ணீர் முழுவதையும் தினமும் கொதிக்க வைக்க எரிவாயுவுக்குக் காசு யார் தருவது? வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொதிக்க வைத்தால் பக்கத்து வீடு காரணம் கேட்கும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்த நாட்டில், 'சுத்தமா இருங்க' என்ற அறிவுரையை நோயாளியிடம் மட்டும் சொல்வது அயோக்கியத்தனம்.

சரி, நோய் வந்தபின்? பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினால் புழு போகும். இது புழு இல்லை. சாதாரண மலப் பரிசோதனையில் எளிதில் கண்ணில் படாது. ஆசிட்-ஃபாஸ்ட் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் முறைதான், சற்றே மாற்றியது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பேதிக்குக் காரணம் ஐசோஸ்போரா என்று அதில் தெரிந்தால் கோட்ரைமாக்சசோல் மாத்திரையே கேட்கும், விலை மலிவு. கிரிப்டோஸ்போரிடியம் என்றால் ஏ.ஆர்.டி. சிகிச்சையால் சி.டி.4-ஐ ஏற்றுவதுதான் முதன்மையான வழி. எது என்று பார்க்காமல் மருந்தெழுதுவது குருட்டு வைத்தியம்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், 14-ஆவது பிரிவு: பரிசோதனை வசதி, ஏ.ஆர்.டி., சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை ஆகியவற்றை அரசு 'இயன்றவரை' தர வேண்டும். இந்த ஒற்றைச் சொல்லை எதிர்த்து எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. சட்டத்தில் அது இன்னும் அப்படியே நிற்கிறது. 2018 செப்டம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டுச் சாயம் விடுவது அரசுக்கு இயலாத காரியமா?

அடுத்த முறை யாருக்காவது துணையாக ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது, பேதி மூன்று வாரமாக நிற்கவில்லை என்றால், ஆசிட்-ஃபாஸ்ட் மலப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.