ஹைதராபாத்துக்கு வயது என்ன? சார்மினாரைக் கேட்காதீர்கள், கல்வட்டங்களைக் கேளுங்கள்

ஹைதராபாத் எப்போது பிறந்தது என்று கேட்டால், 1591 என்று சொல்வார்கள். முகமது குலி குதுப் ஷா நகரத்தை நிறுவிய ஆண்டு அது. நகரத்துக்குச் சரி. ஆனால் இந்த மண்ணில் மனிதர்கள் வாழத் தொடங்கியது எப்போது? பதிலின் ஒரு பகுதி, கச்சிபௌலி ஐடி கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே புதைந்திருக்கிறது.

என்ன கிடைத்தது?

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் பெருங்கற்கால ஈமக்குழிகள் உள்ளன. பேராசிரியர் கே.பி.ராவ் தலைமையிலான அகழாய்வில் அங்கே இரும்புக் கத்திகள் கிடைத்தன. அவற்றின் காலம் கிமு 2400 முதல் 1800 வரை இருக்கலாம் என்று 2015-ல் செய்தி வெளியானது. தென்னிந்தியாவில் இரும்புக்காலம் சுமார் கிமு 1200-ல் தொடங்கியது என்பதுதான் பழைய பாடநூல் கணக்கு.

நகரின் இன்னொரு பக்கம் மௌலா அலி, ஹஷ்மத்பேட்டையிலும் இதே வகை ஈமச்சின்னங்கள் உண்டு. மண்ணும் மரமும் கொண்டு கட்டிய வீடுகள் கரைந்துவிடும், கல் நிற்கும். அதனால்தான் வாழ்ந்தவர்களைத் தெரிந்துகொள்ள, இறந்தவர்களின் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

இரும்பின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கு. இங்கே பயன்பட்ட ஓஎஸ்எல் முறை இரும்பை அளப்பதில்லை. மண்ணிலோ பானை ஓட்டிலோ உள்ள குவார்ட்ஸ் துகள்கள், கடைசியாக எப்போது வெளிச்சத்தையோ சூட்டையோ சந்தித்தன என்பதை அளக்கிறது. அந்தக் கணக்குக்குச் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்க அளவும் வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த கிமு 3345 என்ற காலமும் இரும்பை நேரடியாக அளந்து வந்ததல்ல. அதோடு கிடைத்த மாதிரிகளிலிருந்து வந்தது.

அதாவது கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டால், தேதியும் போச்சு.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு வயல்களில் கிடைக்கும் பழம்பொருட்களை, கிடைத்த இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும் திட்டம் 1997-ல் தொடங்கியது. கிழக்கு மாவட்டங்களில் பெண்கள் அணியும் ஸ்காண்டிநேவிய பாணி உடை ஊசிகள் நூற்றுக்கணக்கில் பதிவாகின. வைக்கிங்குகள் கொள்ளையடித்துவிட்டுப் போனவர்கள் மட்டுமல்ல, குடும்பமாகக் குடியேறியவர்களும்தான் என்ற வாதத்துக்கு இது வலு சேர்த்தது. ஒற்றை ஊசி வெறும் நகை. எங்கெங்கே கிடைத்தது என்ற வரைபடம்தான் வரலாறு.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மரம் வெட்டுவதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்த விவாதம் பெரும்பாலும் மரங்களையும் மான்களையும் பற்றியது. மண்ணுக்கும் அதே கேள்வி பொருந்தும். மத்திய அரசு அறிவித்த சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு. யாரும் பட்டியலிடாத கல்வட்டத்துக்கு அந்த வேலி கிடையாது.

மரம் திரும்ப வளரலாம். ஜேசிபி ஒருமுறை புரட்டிய மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. லேஅவுட் போடுவதற்கு முன்பே அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு சர்வே நடந்தால், இழப்பு குறையும்.