பேச்சுவார்த்தை: சொல்லும் பொருளும்

மழை பொய்க்கும் ஆண்டுகளில் காவிரிச் செய்தி வந்தால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "இவர்களோடு என்ன பேச்சுவார்த்தை வேண்டிக் கிடக்கிறது?" காக்ஸ் டவுனில் வாழும் நாம் இப்படிக் கேட்பது சரிதானா? முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம்.

'பேச்சு' தமிழ். 'வார்த்தை' வடமொழி 'வார்த்தா'விலிருந்து வந்தது; அங்கே அதற்குச் செய்தி என்று பொருள். கன்னடத்தில் 'வார்த்தெ' இன்றும் செய்திதான். பேச்சுவார்த்தையைக் கன்னடர்கள் 'மாத்துகதெ' என்பார்கள். 'மாத்து' நம் பழந்தமிழ் 'மாற்றம்' என்பதற்கு உறவு. அந்நாளில் மாற்றம் என்றால் சொல், மறுமொழி. 'கதெ' வடசொல். சொந்தச் சொல் ஒன்று, வடசொல் ஒன்று என்று இரு மொழியும் ஒரே மாதிரி கட்டிய சொற்கள் இவை! ஆங்கிலத்தில் பகைவர் கூடிப் பேசுவதைக் குறிக்கும் 'பார்லி'யும், 'பார்லிமெண்ட்'டும் பேசுதல் என்ற ஒரே பிரெஞ்சு வேரில் முளைத்தவை.

பழைய தமிழில் இதற்குச் 'சந்து செய்தல்' என்று பெயர். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் சந்து செய்யப் பாடியவர் கோவூர் கிழார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். திருக்குறளில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. பேசப் போவதைக் கோழைத்தனமாக நம் முன்னோர் எண்ணவில்லை.

"பேசிப் பேசியே காலத்தைக் கடத்தினார்களே" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. நீதிமன்றம் தண்ணீரை அளந்து தரும். பக்கத்து வீட்டாரின் மனத்தை அளந்து தருமா? 1991 டிசம்பரில் இந்த ஊரில் நடந்ததை மறந்தவர் நம்மில் யார்?

2003-ல் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் கூடி, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். அல்சூரில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, இரு முதல்வர்களும் பேசிய பிறகு 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சில நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது.

நான் ரயில்வேயில் இருந்தவன். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு 'லைன் கிளியர்' வாங்காமல் வண்டியை அனுப்ப முடியாது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் ஜென்மப் பகை என்றாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பகை இருந்தால் கேள்வி இன்னும் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அன்பர்களே, அரசுகள் பேசட்டும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் தமிழைப் பிழையின்றிப் படிக்கட்டும். கன்னடத்தைக் கூச்சமின்றிப் பேசட்டும். இரண்டும் அறிந்த பிள்ளைகள் உள்ள தெருவில் பேச்சு அறுந்து போகாது.